ரெகொபெயாமின் மூன்று நாட்கள்: பிள்ளைகளுக்குத் தலைவர்களின் கதையைச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு பாடசாலையில் இராஜாக்களின் பாடம் தொடங்கினால் ஒரு பிரிஸ்டல் போட் கட்டாயம் வெளியே வரும். நடுவில் கோடு. ஒரு பக்கம் நல்ல ராஜாக்கள், மறுபக்கம் கெட்ட ராஜாக்கள். பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்து எழுதி, பரீட்சைக்குப் பாடமாக்கி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாலொமோனை எந்தப் பக்கம் எழுதுவது? ஞானத்தைக் கேட்டு வாங்கிய சாலொமோனையா, கடைசிக் காலத்துச் சாலொமோனையா? ஏழு வயதில் ராஜாவாகி ஆலயத்தைப் பழுதுபார்த்த யோவாஸ், பின்னாளில் தன்னை வளர்த்தவரின் மகனையே கொல்லச் சொன்னான். அவன் எந்தப் பக்கம்?

அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் தொடங்குவதே என் முறை. மனிதனைப் பிரிக்க வேண்டாம், அவன் முடிவெடுத்த அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல தலைமை எது, மோசமான தலைமை எது என்று வேதாகமம் காட்டுகிற இடம் எப்போதும் ஒரு முடிவின் வாசலில்தான் இருக்கிறது. ஒருவர் ஆலோசனை சொல்கிறார், தலைவர் கேட்கிறார், அல்லது கேட்காமல் விடுகிறார். பிறகு வருவதெல்லாம் அதிலிருந்து வருவது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சபைகளில் ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய மண்டபம், புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். ஒரு புத்தகப்பை, சில கற்கள், ஒரு பேசின், ஒரு துவாய் போதும்.

முதல் படி: மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எந்தக் கதையை எடுத்தாலும் இதே மூன்று கேள்விகள்தான்.

இவர் யாரிடம் ஆலோசனை கேட்டார்?
இவருடைய முடிவால் யாருடைய தோளில் பாரம் ஏறியது?
இவருடைய பிழையை ஒருவர் சொன்னபோது என்ன செய்தார்?

இவற்றை ஒரு டிமைத் தாளில் பெரிதாக எழுதி முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள். விடை எழுதத் தேவையில்லை. இரண்டு மூன்று கிழமைகளில் நீங்கள் கேட்கும் முன்பே பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். மூன்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம். முதலாவதையும் மூன்றாவதையும் பெரியவர்கள் எப்படியும் பேசுவார்கள். பாரம் சுமந்தவர்களைக் கதையின் ஓரத்தில் விட்டுவிடுவது எங்கள் பழக்கமாகிவிட்டது.

இரண்டாம் படி: கதைகளைத் தெரிவு செய்து ஒழுங்குபடுத்துங்கள்

எட்டு ஞாயிறுகள் போதும். வேதாகம வரிசைப்படி போனால் மோசேயில் தொடங்கவேண்டும், ஆனால் நான் சாலொமோனின் மகன் ரெகொபெயாமில் தொடங்கச் சொல்வேன். அந்தக் கதை சின்னது, தெளிவானது, மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது. அதற்குப் பிறகு யோதாமின் மரங்கள், சவுலும் தேனும், தாவீதும் நாத்தானும், யோவாஸ், நெகேமியா, சாலொமோன். எட்டாவது ஞாயிறு இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியது.

சாலொமோனை ஏன் பின்னுக்குத் தள்ளினேன் என்று கேட்பீர்கள். அவருடைய புகழைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். மற்றக் கதைகளில் பழகி, கேள்வி கேட்கத் துணிவு வந்த பிறகுதான் அவரிடம் போகவேண்டும்.

காலத்தையும் பாருங்கள். மார்கழி மழையிலும் வெள்ளத்திலும் பிள்ளைகள் ஒழுங்காக வரமாட்டார்கள். நத்தார் ஒளிவிழாவின் களைப்பும் இருக்கும். தை கடைசியிலோ மாசியிலோ தொடங்கினால் எட்டாவது பாடம் ஈஸ்டருக்கு முந்திய நாட்களை ஒட்டி வரும். கால் கழுவும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. பெரும்போக அறுவடையும் அந்த நாட்களில்தான். படுவான்கரைப் பக்கம் சில பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள், அதனால் ஒவ்வொரு பாடத்தையும் தனியாக நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். போன கிழமை வராத பிள்ளைக்கும் இந்தக் கிழமை விளங்கவேண்டும்.

மூன்றாம் படி: அந்த அதிகாரத்துக்கு முன்னும் பின்னும் வாசியுங்கள்

பாடப் புத்தகத்தில் உள்ள சுருக்கத்தை மட்டும் நம்பிப் போனால் வகுப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ரெகொபெயாமின் கதை 1 இராஜாக்கள் 12இல் இருக்கிறது, ஆனால் அதன் வேர் 4ஆம், 5ஆம் அதிகாரங்களில் இருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாலொமோன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கொழுத்த மாடு, மேய்ச்சலிலிருந்து வந்த இருபது மாடு, நூறு ஆடு. ஆலய வேலைக்காக இஸ்ரவேலரில் 30,000 பேரை வேலைக்குப் பிடித்தார்கள். மாதம் 10,000 பேர் வீதம் லீபனோனுக்குப் போகவேண்டும். ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். அடுத்து வரும் அதிகாரங்களில், ஆலயத்தைக் கட்ட ஏழு வருடம், தன் அரண்மனையைக் கட்டப் பதின்மூன்று வருடம். சாலொமோன் ஆண்டது நாற்பது வருடம்.

இவ்வளவும் தெரிந்தால்தான், சாலொமோன் இறந்த பிறகு ரெகொபெயாமை ராஜாவாக்கக் கூடிய சீகேமில் மக்கள் வந்து "உம்முடைய தகப்பன் எங்கள்மேல் வைத்த பாரமான நுகத்தைக் குறைத்துவிடும், உமக்கு வேலை செய்கிறோம்" என்று கேட்டதன் கனம் விளங்கும். அவர்கள் கலகம் செய்ய வரவில்லை. குறைத்தால் போதும் என்றுதான் வந்தார்கள். இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டு, முதலில் முதியோரிடமும் பிறகு தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் ஆலோசனை கேட்டான், கடைசியில் வாலிபர் சொன்னதையே எடுத்துக்கொண்டான். இதில் இன்னும் இரண்டு விஷயங்கள். ரெகொபெயாம் ராஜாவானபோது வயது 41 என்று 14ஆம் அதிகாரம் சொல்கிறது. அவனோடு வளர்ந்த "வாலிபர்" எப்படியும் சிறுபிள்ளைகளாக இருந்திருக்க மாட்டார்கள். அதனால் "இளம் ஆட்கள் சொல்வதைக் கேட்காதே, பெரியவர்கள் சொல்வதைக் கேள்" என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னால், அவர்கள் அன்றோடு காதை மூடிக்கொள்வார்கள். முதியோர் சொன்னதன் சாரம் வேறு: இன்று இந்த மக்களுக்கு நீர் ஊழியக்காரனாகி நல்ல வார்த்தை பேசினால், என்றைக்கும் அவர்கள் உமக்கு ஊழியக்காரராக இருப்பார்கள். கவனிக்கவேண்டியது அந்த ஆலோசனையை. சொன்னவர்களின் வயது இரண்டாவது.

மற்றது அதோராமின் கதை. மக்கள் கோபித்துப் பிரிந்துபோன பிறகு, அவர்களைச் சமாளிக்க ரெகொபெயாம் யாரை அனுப்பினான்? கட்டாய வேலைக்குப் பொறுப்பான அதே அதிகாரியை! சாலொமோன் காலத்து அதோனீராமும் இவரும் ஒரே ஆள்தான் என்று பலர் கருதுகிறார்கள். மக்கள் அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா அவசரமாக இரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினான். எந்த ஆளை, எந்த நேரத்தில் அனுப்புவது என்பதுகூடத் தலைமைதான். பெரிய பிள்ளைகளிடம் "நீங்கள் என்றால் யாரை அனுப்பியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள், நல்ல பேச்சு வரும்.

நான்காம் படி: பாரத்தைக் கையில் கொடுங்கள்

நுகம் என்றால் இன்றைய பிள்ளைக்கு என்ன தெரியும்? உழவு மாடு போய் லாண்ட்மாஸ்டர் வந்து எவ்வளவோ காலம். படத்தைக் காட்டினாலும் அது படம்தான். புத்தகப்பையை எடுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளையை முன்னுக்கு வரச் சொல்லுங்கள். அதுவும் விருப்பத்தோடு வருகிற பிள்ளையாக இருக்கட்டும். பையைத் தோளில் மாட்டிவிட்டு, சாலொமோனின் கதையைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கல்லாகப் போடுங்கள். அரண்மனைச் சாப்பாட்டுக்கு ஒரு கல். லீபனோனுக்குப் போன ஒரு மாதத்துக்கு ஒரு கல். சுமை சுமந்ததற்கு ஒன்று, மலையில் கல் வெட்டியதற்கு ஒன்று. அவசரப்படாமல் போடுங்கள். பையைச் சுமப்பவர் சிரிப்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள். ஆறாவது, ஏழாவது கல்லில் தோள் ஒரு பக்கம் சரியும், பிள்ளை காலை மாற்றி மாற்றி வைக்கும். அப்போது வகுப்பு தானாக அமைதியாகும்.

இப்போது சீகேமுக்கு வாருங்கள். பையைச் சுமந்த பிள்ளை ராஜாவிடம் கேட்கட்டும்: "கொஞ்சம் குறையுங்க." ராஜா "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்கிறான். கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த நிறுத்தம்தான் முழுப் பாடமும். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள், ஒரு பக்கம் முதியோர், மறுபக்கம் கூட வளர்ந்தவர்கள். ராஜாவுக்கு என்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு பக்கமும் கூடிப் பேச ஐந்து நிமிடம். விடையை நீங்கள் சொல்லக்கூடாது. கதையை முன்பே தெரிந்த பிள்ளை ஒன்று "ரீச்சர், எனக்குத் தெரியும், அவன் தேள் என்று சொல்லுவான்" என்று கையைத் தூக்கும். "பொறு மனே, இன்னும் மூன்று நாள் முடியல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லி விடுங்கள். அவருக்கு நேரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பையைச் சுமந்த பிள்ளையை அந்த ஐந்து நிமிடமும் பையோடு நிற்க வைப்பதா என்று கேட்பீர்கள். சின்னப் பிள்ளை என்றால் வேண்டாம், பையைக் கதிரையில் வையுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயது என்றால், அவரே ஒத்துக்கொண்டால், நிற்கட்டும். ஆலோசனை நடக்கும் நேரமெல்லாம் மக்கள் பாரத்தோடுதான் நின்றார்கள் என்பதை எவ்வளவு சொன்னாலும் அப்படிப் பார்த்ததுபோல வராது. பிரதேசம் வெயில் பிரதேசம், மின்விசிறி இல்லாத கட்டடம் என்றால் கல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஆலோசனை சொன்ன பிறகு ராஜாவாக இருப்பவர் முடிவு சொல்லட்டும். பெரும்பாலும் "குறைக்கிறேன்" என்பார்கள். சரி, குறைக்கட்டும், இரண்டு கல்லை வெளியே எடுக்கட்டும். அதன் பிறகு வேதாகமத்தைத் திறந்து, உண்மையில் நடந்ததை வாசியுங்கள். கூட வளர்ந்தவர்கள் சொல்லிக்கொடுத்த வீராப்பில், தன் சுண்டுவிரல் தகப்பனின் இடுப்பைவிடப் பருமன் என்ற பேச்சும் இருந்தது. மக்கள் முன்னால் ரெகொபெயாம் அதைச் சொன்னதாக வசனத்தில் இல்லை. தகப்பன் வைத்த நுகத்தை இன்னும் பாரமாக்குவேன், அவர் சவுக்கால் தண்டித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்று மட்டும் சொன்னான். அதுவே போதுமானதாக இருந்தது, பத்துக் கோத்திரமும் போய்விட்டது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். பிறகு 1,80,000 பேரைத் திரட்டிச் சண்டைக்குப் புறப்பட்டவன், "உங்கள் சகோதரரோடு யுத்தம் செய்யாதிருங்கள்" என்று தேவமனுஷன் சொன்னதும் திரும்பிப் போனான். அந்த ஒரு தரம் கேட்டான். இதைச் சொல்லாவிட்டால், நாங்களும் பிரிஸ்டல் போட்டில் கோடு போட்டவர்கள்தான்.

ஐந்தாம் படி: கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்

கேள்வி கேட்டவுடன் பிள்ளைகள் பேசமாட்டார்கள். எங்கள் பாடசாலைகளில் கேள்வி என்றால் ஒரு சரியான விடை இருக்கும், பிழையாகச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பயத்தைக் கழற்றக் கொஞ்ச நேரம் எடுக்கும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வயதில் குறைந்தவரிடம் முதலில் கேளுங்கள், பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். "சரி", "பிழை" என்று சொல்லாமல் "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளை "ராஜா சொன்னது சரிதான், பயமிருந்தால்தான் ஆட்கள் வேலை செய்வார்கள்" என்று சொல்லலாம். சொல்லட்டும். வீட்டிலோ வகுப்பறையிலோ கண்டதைத்தான் சொல்கிறது. உடனே போதகம் பண்ணாமல், பையைச் சுமந்த பிள்ளையிடம் திரும்பி, "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேளுங்கள்.

ஆறாம் படி: இந்த ஊருக்குக் கொண்டுவாருங்கள்

கதை சீகேமிலேயே முடிந்துவிடக் கூடாது. ஆனால் அரசியல்வாதியின் பெயரை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள், இது கட்டாயம். பெற்றோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் இருப்பார்கள். அடுத்த கிழமை பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதைவிட, பிள்ளை தன் கையில் இருக்கும் தலைமையைப் பார்க்காமல் கொழும்பைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

பிள்ளைக்குத் தெரிந்த தலைவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வகுப்புத் தலைவர். கிரிக்கெட் கப்டன். சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா விட்டுப் போகிற அக்கா. வயல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, வட்டைக்கு (வயல்வெளிக்கு) தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானையைத் தெரியும். உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வட்டைவிதானையின் சொந்த வயலும் அதே வட்டையில் இருக்கிறது. தண்ணீர் எல்லோருக்கும் காணாது. வாய்க்காலின் கடைசியில் ஒரு விதவையின் வயல். தண்ணீரை முதலில் எங்கே திறப்பது? தகப்பனோடு வயலுக்குப் போன பையன் அன்று வகுப்பெடுப்பான், நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம்.

மற்றப் பாடங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

கிதியோனின் மகன் யோதாம் சொன்ன மரங்களின் கதை (நியாயாதிபதிகள் 9) சின்னப் பிள்ளைகளுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி மூன்றும் ராஜாவாக மறுத்துவிட, முட்செடி ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளும்போதே "என் நிழலில் வந்து அடையுங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து அக்கினி புறப்படும்" என்று மிரட்டுகிறது. முட்செடிக்கு ஏது நிழல் என்று கேளுங்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடிக்கும்போது எங்கள் மரங்களையே எடுக்கலாம்: தென்னை, மா, பலா. தென்னை ஏன் தலைவராக வர மறுக்கிறது என்று பிள்ளைகளே வசனம் சொல்லட்டும். பெரிய பிள்ளைகளோடு ஒரு படி மேலே போகலாம். நல்ல மரங்கள் எல்லாம் "எனக்கு வேலை இருக்கிறது" என்று விலகிக்கொண்டது சரியா? சங்கக் கூட்டத்துக்கு நல்ல ஆட்கள் போகாமல் விடும்போது என்ன நடக்கிறது? கிதியோனின் எழுபது பிள்ளைகளுக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

சவுலின் தேன் கதை (1 சாமுவேல் 14) பலர் சொல்லாமல் விடும் கதை. போர் நடக்கும் நாளில் சாயங்காலம் வரைக்கும் எவனும் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் சாபம் என்று சவுல் ஆணையிடுகிறான். காட்டில் தேன் ஒழுகுகிறது, பசியோடு நிற்கும் வீரர்கள் தொடவில்லை. ஆணையைக் கேள்விப்படாத மகன் யோனத்தான் கோலின் நுனியால் தொட்டுச் சாப்பிடுகிறான், கண் தெளிகிறது. கடைசியில் தகப்பன் மகனையே கொல்லத் துணிகிறான், மக்கள் நடுவில் நின்று காப்பாற்றுகிறார்கள். ஒரு சின்னப் போத்தலில் தேன் கொண்டுபோங்கள். பாடம் முடியும் வரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி மேசையில் வையுங்கள். காரணமில்லாத சட்டம் எப்படி இருக்கும் என்று அப்போது கேட்கலாம். முடிந்ததும் ஆளுக்கொரு துளி கொடுக்க மறக்கவேண்டாம்.

தாவீதுக்கு நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன ஏழையின் ஆட்டுக்குட்டி உவமையைச் (2 சாமுவேல் 12) சின்னவர்களுக்கு உவமையாக மட்டும் சொன்னால் போதும். பெரியவர்களுக்கு முழுக் கதையும் தேவை. "நீரே அந்த மனுஷன்" என்றதும் தாவீது "பாவஞ்செய்தேன்" என்றான். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்துச் சவுல் என்ன சொன்னான்? முதலில் "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்", பிறகு "ஜனங்கள்தான் ஆடுமாடுகளை எடுத்தார்கள்". இரண்டு விடையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விளக்கமே தேவையில்லை. பெண்பிள்ளைகள் கூடுதலாக உள்ள வகுப்பென்றால் நாத்தானுக்குப் பதில் அபிகாயிலை எடுங்கள் (1 சாமுவேல் 25). நானூறு பேரோடு பழிவாங்கப் போன தாவீதை ஒரு பெண் வழிமறித்துப் பேசித் திருப்பிவிடுகிறாள், அவனும் அவளுடைய யோசனைக்கு நன்றி சொல்கிறான்.

யோவாஸைப் பிள்ளைகளுக்கு வயதாலேயே பிடிக்கும். மூடியில் துவாரமிட்ட காணிக்கைப் பெட்டியை வைத்து ஆலயத்தைப் பழுதுபார்த்த கதை 2 இராஜாக்கள் 12இல் இருக்கிறது. ஆசாரியன் யோய்தா இறந்த பிறகு, பிரபுக்கள் வந்து பணிந்து நின்றதும் அவன் மாறிப்போனது 2 நாளாகமம் 24இல். ஒருவரைச் சாய்ந்து நின்ற நல்ல பழக்கம் அந்த ஒருவர் போனதும் எங்கே போகிறது என்ற கேள்வியை, க.பொ.த. சாதாரண தரம் முடித்து வீட்டைவிட்டு வெளியூர் போகப்போகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நெகேமியாவில் சற்று நில்லுங்கள்

எல்லோரும் 52 நாளில் மதில் கட்டிய கதையைச் சொல்வார்கள். நல்ல கதைதான். மூன்றாம் அதிகாரத்தின் பெயர்ப் பட்டியலிலேயே தலைமை இருக்கிறது: பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள், சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டினான், தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை.

ஆனால் இந்த மண்ணுக்குரிய அதிகாரம் ஐந்தாவது. அங்கே ஆண்களோடு பெண்களும் சேர்ந்து முறையிடுகிறார்கள். தானியம் வாங்க நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தோம். ராஜாவின் தீர்வைக்குக் கடன் வாங்கினோம். பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கவேண்டி வந்துவிட்டது. கடன் கொடுத்தவர் யார்? சொந்த ஜாதி, சொந்தச் சகோதரர். நூற்றுக்கொன்று வீதம் வட்டி.

இதை வாசிக்கும்போது சில பிள்ளைகள் தலையைக் குனிவார்கள். கிழமைக்கொரு தரம் லோன் காசு கேட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய. நகையை அடகு வைத்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த அம்மாக்கள் இருக்கிறார்கள். அதனால் "உங்கள் வீட்டில் கடன் இருக்கிறதா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கைதூக்கச் சொல்லாதீர்கள். கதையை மட்டும் சொல்லுங்கள், பிள்ளைக்கு விளங்கும். நெகேமியா என்ன செய்தார் என்பதை வடிவாகச் சொல்லுங்கள்: கோபம் வந்தது, தனக்குள் யோசித்தார், கடன் கொடுத்த பெரியவர்களை நேரே கண்டித்தார், எல்லோரையும் கூட்டி நிலத்தையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொண்டதும் வெறும் வாக்கை நம்பாமல் ஆணையிடச் செய்தார். தன் உடையை உதறி, இந்த வார்த்தையை நிறைவேற்றாதவனைத் தேவன் இப்படி உதறிப்போடட்டும் என்றார். பிள்ளைகளும் எழுந்து நின்று சட்டையை உதறட்டும், அந்த ஒரு செயல் பல வருடம் நினைவில் நிற்கும்.

அதே அதிகாரத்தின் முடிவில், பன்னிரண்டு வருடம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியைத் தான் வாங்கவில்லை என்று அவர் எழுதுகிறார். காரணத்தையும் சொல்கிறார்: இந்த ஜனங்கள்மேல் பாரம் கடினமாயிருந்தது. சுவரில் ஒட்டிய இரண்டாவது கேள்விக்கு விரலை நீட்டிக்காட்டினால் போதும்.

சாலொமோனை அளக்கும் அளவுகோல்

இதற்கு வேதாகமமே ஒரு கோல் கொடுத்திருக்கிறது. உபாகமம் 17இல் ராஜாவுக்குச் சட்டம் இருக்கிறது: குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது. நியாயப்பிரமாணத்தைத் தன் கையில் ஒரு பிரதி எழுதி வைத்துத் தினமும் வாசிக்கவேண்டும், தன் சகோதரர்மேல் இருதயம் உயரக்கூடாது. பெரிய பிள்ளைகளை மூன்று குழுவாக்கி 1 இராஜாக்கள் 10, 11ஐக் கொடுத்துக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். 1,400 இரதம், 12,000 குதிரைவீரர். ஒரு வருடத்தில் வந்த பொன் 666 தாலந்து. மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300. அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் கதையில் அவ்வளவு கூர்மையாகக் கேட்ட காது எப்போது மந்தமானது என்ற கேள்விக்கு வேதாகமமும் ஒரே நாளைக் காட்டவில்லை, நாங்களும் காட்டத் தேவையில்லை.

இரத்தமும் சிலைகளும் வரும் இடங்கள்

இந்தக் கதைகளில் கொலை நிறைய. ராஜாவாவதற்காக எழுபது சகோதரரைக் கொன்ற கிதியோனின் மகன் அபிமெலேக்கு, கல்லெறியுண்ட அதோராம், யோய்தாவின் மகன் சகரியா. எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் போரைக் கண்டவர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் தேதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களின் உறவினர் எந்தச் சபையிலும் இருக்கலாம். அதனால் கொலையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். நடிப்பில் ஒருபோதும் வேண்டாம், கல்லெறிவதுபோல விளையாட்டும் வேண்டாம். முகம் வாடிய பிள்ளை இருந்தால் பாடத்தை அப்படியே விட்டுப் பாட்டுக்குப் போங்கள். பிறகு தனியாகப் பேசுங்கள், தேவையென்றால் போதகரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

யோசியா போன்ற ராஜாக்கள் சிலைகளை உடைத்த பகுதியிலும் நிதானம் வேண்டும். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போகும் அம்மம்மா உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும். பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியும் ஏறாவூரும் இருக்கின்றன, பிள்ளைகள் ஒரே ரியூசனில் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். தன் ராஜ்யத்தின் உடன்படிக்கையை ஒரு ராஜா தன் ஜனத்தோடு புதுப்பித்த கதை அது. அயல்வீட்டுக்காரரின் சாமியறையைப் பற்றிய கதையல்ல என்று நேராகவே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், சின்னவர்களுக்கு யோசியாவின் எட்டு வயதும் ஆலயத்தில் சுருள் கிடைத்ததும் போதும்.

எட்டாவது ஞாயிறு

யோவான் 13ஐ வாசிக்கும் முன் மாற்கு 10இல் யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்ட கதையைச் சொல்லுங்கள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வந்தது ஏன் என்று கேளுங்கள். "அவர்களுக்கும் அந்தக் கதிரை வேணும், அதான்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும்.

பிறகு பேசினும் தண்ணீரும் துவாயும். பிள்ளைகளை ஒருவர் காலை ஒருவர் கழுவ வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெட்கமும் சிரிப்பும்தான் மிஞ்சும். பெண்பிள்ளைகளுக்குச் சங்கடம் வேறு. அதைவிட ஆசிரியர் கழுவவேண்டியது வகுப்பு முடிந்ததும் தண்ணீர்க் கோப்பைகளை. பெரிய பிள்ளைகள் "விடுங்க ரீச்சர், நாங்க கழுவுறம்" என்று ஓடி வருவார்கள். பேதுருவும் அப்படித்தான் மறித்தான் என்று சொல்லிவிட்டுக் கழுவுங்கள்.

பரீட்சைக்குப் பதிலாக

ராஜாக்களின் பெயரையும் வருடத்தையும் கேட்டுப் புள்ளி போட்டால் இந்த எட்டுக் கிழமையும் வீண். பிள்ளைகள் கையில் உண்மையான ஒரு முடிவைக் கொடுங்கள். வருட முடிவில் ஒளிவிழா வருகிறது. அதில் ஒரு நிகழ்ச்சியை, கூடவே அதற்கான ஒரு சிறு தொகையையும், பெரிய பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தலைவரை அவர்களே தெரிவு செய்யட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அதே மூன்று கேள்வி: யாரிடம் கேட்டீர்கள், யாருக்குப் பாரம் ஏறியது, பிழை சொன்னவருக்கு என்ன சொன்னீர்கள்?

பாரம் யாருக்கு ஏறியது என்பதை அங்கேதான் பார்க்கலாம். நாடகத்துக்கு எல்லோரும் புது வெள்ளைச் சட்டை தைக்கவேண்டும் என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த கிழமை ஒரு பிள்ளை காய்ச்சல் என்று சொல்லி வராது. தலைவர் பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "பாடசாலைச் சட்டையே போதும்" என்று முடிவை மாற்றினால், அதற்கு எத்தனை புள்ளி போடுவது என்று யோசிக்கவேண்டாம். கூட்டக் குறிப்பில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.